கார் குடிக்கும் பெட்ரோல்: சந்தேகத்திற்கு முன் ஒரு கணக்கு

வீட்டுப் பொருளாதாரம் – மாதப் பகுதி



குடும்பத்தின் வரவு செலவு நோட்டில் அரிசி, பருப்பு, பால், பள்ளிக் கட்டணம் என்று எழுதி வந்த வரிசையில் பெட்ரோலும் நிலையானதோர் இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது. வசதி படைத்தோர் வீட்டில் மட்டுமே கார் நின்ற காலம் போய்விட்டது. நடுத்தரக் குடும்பங்களிலும் தவணை முறையில் வாங்கிய சிறு கார் ஒன்று வாசலில் நிற்கிறது. வாங்கும்போது விலையை ஆயிரம் முறை விசாரிக்கும் நாம், வாங்கிய பின் அது குடிக்கும் பெட்ரோலைப் பற்றி விசாரிப்பதில்லை. மாதக் கடைசியில் பணம் பற்றாக்குறையாகும்போதுதான் கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வி சில வீடுகளில் மனிதர்களின் மீது பாயும் கல்லாகவும் மாறிவிடுகிறது.

பெருந்துறையிலிருந்து ஒரு சகோதரி எழுதியுள்ள கடிதம் இதற்குச் சான்று. கணவர் வளைகுடா நாட்டில் பணிபுரிகிறார். 2017ஆம் ஆண்டில் வாங்கிய கார் ஒன்று வீட்டில் இருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும், மாமியாரைக் கோவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் ஓர் ஓட்டுநர் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். கார் வாங்கியபோது லிட்டருக்கு 22 கிலோமீட்டர் கிடைக்கும் என்று சொன்னார்களாம். இப்போது 15 தான் கிடைக்கிறதாம். "மீதிப் பெட்ரோல் எங்கே போகிறது? ஓட்டுநர் எடுத்து விற்கிறார் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். வேலையை விட்டு நிறுத்திவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார் அந்தச் சகோதரி.

ஒரு குடும்பத் தலைவரின் பிழைப்பும் மானமும் சம்பந்தப்பட்ட கேள்வி இது. ஆகவே அவசரப்பட்டு விடை கூறாமல், ஒரு கார் ஏன் சொன்னபடி ஓடுவதில்லை என்பதை முதலில் ஆராய்வோம்.

அந்த 22 எங்கே பிறந்தது?

விற்பனையாளர் சொல்லும் மைலேஜ் எண் பொய்யன்று. ஆனால் அது சாலையில் பிறந்த எண்ணும் அன்று. புனே நகரில் 1966இல் தொடங்கப்பட்ட இந்திய வாகன ஆராய்ச்சிக் கழகம் போன்ற சோதனைக் கூடங்களில் பிறந்த எண் அது. அங்கே காரின் சக்கரங்களை உருளைகளின் மீது நிறுத்தி, நின்ற இடத்திலேயே ஓட்டுவார்கள். பல ஆண்டுகளாகப் பின்பற்றப்பட்டு வந்த இந்தியச் சோதனை முறையில் அந்த ஓட்டம் ஏறத்தாழ 20 நிமிடம் நீடிக்கும். உச்ச வேகம் 90 கிலோமீட்டர். சராசரி வேகம் 32 கிலோமீட்டர் அளவே. குளிர்சாதனம் இயங்காது. மேடு இல்லை, பள்ளம் இல்லை, எதிர்க்காற்று இல்லை, குறுக்கே வரும் ஆடு மாடுகளும் இல்லை. செலவான பெட்ரோலைக் குவளையில் அளப்பதும் இல்லை. புகைக்குழாய் வழியே வெளிவரும் வாயுக்களில் உள்ள கரியின் அளவைக் கணக்கிட்டு, எரிந்த பெட்ரோல் எவ்வளவு என்று கண்டறிகிறார்கள்.

எல்லாக் கார்களையும் ஒரே தராசில் நிறுத்து ஒப்பிடுவதற்கு இம்முறை பயன்படும். 22 என்று சொல்லப்பட்ட கார், 18 என்று சொல்லப்பட்ட காரைவிடப் பொதுவாகக் குறைவாகவே குடிக்கும். ஆனால் அதே 22 நம் வாசலிலும் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதற்கு அது வாக்குறுதி அன்று.

இக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதும் அன்று. ஐரோப்பாவில் சோதனை முறையைக் கடுமையாக்கிய பின்னரும், 2021இல் பதிவான பெட்ரோல், டீசல் கார்கள் சோதனைக்கூட எண்ணைக் காட்டிலும் சுமார் 20 விழுக்காடு கூடுதலாக எரிபொருள் செலவழித்ததாக ஐரோப்பிய ஆணையம் 2024இல் அறிவித்தது. சில வேளைகளில் நிறுவனங்களே தவறிழைத்ததும் உண்டு. ஹூண்டாய், கியா நிறுவனங்கள் அமெரிக்காவில் தாம் அறிவித்த மைலேஜ் எண்களை 2012இல் குறைத்துத் திருத்த நேர்ந்தது. ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் எரிபொருள் சோதனை விவரங்களில் முறைகேடு செய்ததை 2016இல் ஒப்புக்கொண்டது. அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் 'அல்முதஃப்பிஃபீன்' என்னும் பெயரில் இறங்கியிருப்பதை இவ்விடத்தில் நினைவு கூரலாம். அளவை என்பது படி, தராசு ஆகியவற்றோடு நின்றுவிடுவதன்று.

ஒரே சிலிண்டர், இரண்டு வீடுகள்

இல்லத்தரசிகளுக்கு இதை விளக்குவது எளிது. ஒரே அளவுள்ள சமையல் எரிவாயு சிலிண்டர் ஒரு வீட்டில் 25 நாள் வரும். அடுத்த வீட்டில் 50 நாள் வரும். விருந்தினர் வருகை, பாத்திரத்தின் அடி, அடுப்பின் நிலை, ரமலான் மாதத்து சஹர் சமையல் எல்லாம் சேர்ந்தே அந்த நாள்களைத் தீர்மானிக்கின்றன. யாரும் சிலிண்டர் நிறுவனம் சொன்ன நாள் கணக்கை வைத்து மருமகளைக் குற்றம் சாட்டுவதில்லை. காரும் அப்படியே.

ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியுள்ள ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே சக்கரத்தைச் சென்று சேர்கிறது. மற்றவை வெப்பமாக ரேடியேட்டரிலும் புகைக்குழாயிலும் கழிகின்றன. சேர்ந்த அந்தக் கால் பங்கையும் காற்று, டயர், பிரேக், மேடு ஆகிய நான்கும் பங்கிட்டுக்கொள்கின்றன. இவற்றில் எது எவ்வளவு எடுத்துக்கொள்ளும் என்பது நாம் ஓட்டும் ஊரையும் காலத்தையும் முறையையும் பொறுத்தது.

ஆடிக் காற்றும் அவிநாசிச் சாலையும்

கொங்கு நாட்டுக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. அதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்திற்கு ஓர் இடைவெளி இருக்கிறது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அவ்வழியே பீறிட்டுக் கிழக்கு நோக்கி வீசுகிறது. பல்லடம், உடுமலைப் பகுதிகளில் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பதற்கு அக்காற்றே காரணம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் முன்னோர் சொன்னது சும்மாவன்று.

பெருந்துறையிலிருந்து விஜயமங்கலம், செங்கப்பள்ளி, அவிநாசி வழியாகக் கோவைக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை மேற்கு நோக்கிச் செல்கிறது. ஆகவே ஆடி மாதத்தில் கோவைக்குப் போகும் கார், காற்றை எதிர்த்துப் போகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும் தன்மை உடையது. 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காருக்கு எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், அந்தக் காரின் முகத்தில் மோதுவது 100 கிலோமீட்டர் வேகக் காற்று. எதிர்ப்பு ஒன்றுக்கு ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும்; துல்லியமாகச் சொன்னால் 1.56 மடங்கு. திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும், எதிர்ப்பு 0.56 மடங்காகக் குறையும்.

"போகும்போது நஷ்டம், வரும்போது லாபம்; கணக்கு நேராகிவிட்டதே" என்று எண்ண வேண்டா. 1.56, 0.56 இரண்டையும் கூட்டினால் 2.12 வருகிறது, காற்றில்லா நாளில் 2 மட்டுமே. போக்கில் இழந்ததை வரத்து முழுவதுமாக ஈடுசெய்வதில்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சிறு கார் சந்திக்கும் எதிர்ப்பில் பாதிக்கு மேல் காற்றினுடையதே என்பதால் இது அற்ப விஷயமும் அன்று.

இத்துடன் மேடும் சேர்கிறது. கோவை நகர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 411 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காவிரிக் கரையிலுள்ள ஈரோடு அதைவிட இருநூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. சாலை தட்டையாகத் தோன்றினாலும் ஈரோட்டிலிருந்து கோவை செல்பவர் ஒரு சிறு குன்றின் மீது ஏறுகிறார். ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டும் கால் லிட்டருக்கு மேல் பெட்ரோல் செலவாகும். திரும்பும்போது அதில் ஒரு பகுதி மீளக் கிடைக்கும். எனவே கோவைக்குப் போகும்போது மட்டும் மைலேஜ் பார்த்து மனம் நொந்துகொள்வதும், வரும்போது மட்டும் பார்த்து மகிழ்ந்துகொள்வதும் இரண்டுமே தவறு. போய்வந்த முழுப் பயணத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

வேகமும் பிரேக்கும்

நெடுஞ்சாலை அகலமானதும் நம் பிள்ளைகளின் வேகமும் அகலமாகிவிட்டது. 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று தரும் எதிர்ப்பு, 120 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு மடங்காகும். பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தையே சிக்கன வேகமாக நெடுங்காலமாகப் பரிந்துரைத்து வருகிறது. இக்கால ஐந்து கியர் கார்கள் 50 முதல் 80 வரை சீரான வேகத்தில் செல்லும்போது நன்றாகவே ஓடுகின்றன. 80ஐத் தாண்டியபின் ஏறும் ஒவ்வொரு பத்துக்கும் பர்ஸிலிருந்து தனிக் கட்டணம் செலுத்துகிறோம்.

ஆயினும் வேகத்தைவிடப் பெரிய பகைவன் பிரேக்கே. 1,200 கிலோ எடையுள்ள கார் 80 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதற்கு மட்டும் ஏறத்தாழ 35 மில்லிலிட்டர் பெட்ரோல் தன் உழைப்பைக் கொடுத்திருக்கிறது. திடீரென்று பிரேக்கை மிதித்து நிறுத்தினால் அந்த உழைப்பு முழுவதும் பிரேக் தகட்டில் சூடாகி வீணாகிறது. மீண்டும் கிளம்ப இன்னொரு 35 மில்லி வேண்டும். பத்து முறை இப்படிச் செய்தால் மூன்றில் ஒரு பங்கு லிட்டர் பறந்துபோகும். முன்னே செல்லும் பேருந்து நிற்கப்போவதைத் தொலைவிலேயே கண்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடும் ஓட்டுநருக்கு இந்த நஷ்டம் இல்லை. முரட்டுத்தனமான ஓட்டம் நெடுஞ்சாலையில் 15 முதல் 30 விழுக்காடு வரை, நின்று நின்று செல்லும் நகர நெரிசலில் 10 முதல் 40 விழுக்காடு வரை மைலேஜைக் குறைக்கும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்கு.

கோவையின் அவிநாசிச் சாலை நெரிசலில் சிக்குண்டவர்களுக்கு இது விளங்கும். ஒவ்வொரு சிக்னலிலும் நின்று கிளம்பிய காலத்தில், ஊருக்குள் கடந்த பத்து கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் கடந்த இருபதுக்குச் சமமாகப் பெட்ரோலைக் குடித்தது. 2025 அக்டோபரில் அச்சாலையில் பத்து கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலம் திறக்கப்பட்டு, கோவையின் புகழ்பெற்ற பொறியியல் மேதை ஜி.டி. நாயுடுவின் பெயர் சூட்டப்பட்டது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தைத் தாமே ஓட்டித் தொழிலைத் தொடங்கியவர் அவர். விஜயமங்கலம் போன்ற சுங்கச் சாவடிகளில் 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டேக் கட்டாயமானதும் நின்று கிளம்பும் வீணைக் குறைத்தது.

நின்ற இடத்தில் என்ஜினை ஓடவிடுவதும் ஒரு செலவே. சிறிய காரானாலும் சும்மா நின்று ஓடினால் ஒரு மணி நேரத்தில் அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். பள்ளிக்கூட வாயிலில் குளிர்சாதனத்தோடு தினம் இருபது நிமிடம் காத்திருக்கும் காரின் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

குறுகிய தூரமும் அவ்வாறே. குளிர்ந்திருக்கும் என்ஜின் சூடேறும் வரை கூடுதலாகப் பெட்ரோலைக் கேட்கும். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டரில் உள்ள பள்ளிக்கும், கடைக்கும், பள்ளிவாசலுக்கும் மட்டுமே ஓடும் கார் எந்நாளும் சூடேறுவதே இல்லை. அதனிடம் நெடுஞ்சாலை மைலேஜை எதிர்பார்ப்பது, பசியோடு இருப்பவனிடம் பாரம் தூக்கச் சொல்வது போன்றது.

சுமை, டயர், குளிர்சாதனம்

45 கிலோ கூடுதல் சுமை ஏறக்குறைய 1 விழுக்காடு மைலேஜைக் குறைக்கும். ஐந்து பெரியவர்கள் அமர்ந்தால் 300 கிலோ. ஆறேழு விழுக்காடு போயிற்று. அதற்காக உறவினரை ஏற்றிச் செல்லாதீர்கள் என்று சொல்லவில்லை. ஐந்து பேர் ஒரே காரில் திருமணத்துக்குப் போவது, இரண்டு கார்களில் போவதைவிட மிகச் சிக்கனமானது. தேவையற்ற சுமையையே குறைக்கச் சொல்கிறோம். ஈரோடு அப்துல் கனி ஜவுளிச் சந்தைக்குச் சென்று வரும் வியாபாரிகள் சிலர் விற்காத துணி மூட்டையை வாரக்கணக்கில் காரின் பின்னாலேயே வைத்துச் சுற்றுவதைக் காண்கிறோம்.

மேற்கூரையில் கட்டும் கேரியர் சுமையைவிட மோசமானது. நெடுஞ்சாலையில் அது காற்றைத் தடுத்து, பெட்டியின் உருவத்தைப் பொறுத்துப் பத்து விழுக்காட்டுக்கு மேலும் மைலேஜைக் குறைத்துவிடும். சீர்வரிசை ஏற்றிய பின் கேரியரைக் கழற்றி வைத்துவிடுவதே முறை.

டயரின் காற்று இலவசமாகக் கிடைக்கும் சிக்கனம். நான்கு டயர்களிலும் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் 0.2 விழுக்காடு மைலேஜ் குறையும். பத்து குறைந்தால் 2 விழுக்காடு. எண் சிறியதாகத் தோன்றினாலும் ஓரம் தேய்ந்த டயரின் விலையையும், வெயிலில் அது வெடித்தால் நேரும் ஆபத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவின் ஓரத்தில் எவ்வளவு காற்று வேண்டும் என்று ஒட்டப்பட்டிருக்கும். வண்டி ஓடாத காலை நேரத்தில், மாதம் இருமுறை அளந்து நிரப்பினால் போதும்.

ஏப்ரல், மே மாதங்களில் ஈரோட்டின் வெப்பம் 40 பாகையைத் தாண்டும்போது குளிர்சாதனம் ஆடம்பரம் என்று யாரும் சொல்ல முடியாது. கைக்குழந்தையும் முதியவரும் உள்ள வீட்டில் அது தேவையே. ஆயினும் கடும் வெப்பத்தில், அதிலும் குறுகிய பயணங்களில், அது மைலேஜை 25 விழுக்காட்டுக்கு மேலும் குறைக்கக்கூடும். வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கி, அனல் காற்று வெளியேறிய பின் குளிர்சாதனத்தை இயக்குவது நல்லது. ஊருக்குள் மெதுவாகச் செல்லும்போது கண்ணாடியைத் திறந்துவிடலாம். நெடுஞ்சாலையில் திறந்தால் காற்றெதிர்ப்பு கூடுவதால் அங்கே மூடியே செல்லலாம்.

பெட்ரோலே மாறியிருக்கிறது

பழைய கார் வைத்திருப்போர் அறிய வேண்டிய செய்தி இது. நாம் நிரப்பும் பெட்ரோல் பத்தாண்டுகளுக்கு முன்பிருந்த பெட்ரோல் அன்று. கரும்பு, சோளம், அரிசி ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படும் எத்தனாலை 20 விழுக்காடு வரை கலக்கும் திட்டம் 2023இல் தொடங்கி, 2025இல் நாடு முழுவதும் அந்த அளவை எட்டியது. இறக்குமதிச் செலவைக் குறைக்கவும் விவசாயிகளுக்கு வருவாய் தரவும் இது உதவுகிறது என்று அரசு கூறுகிறது. அதே வேளையில், ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே பத்து விழுக்காட்டுக் கலவைக்கென்று சீரமைக்கப்பட்ட பழைய கார்களில் 6 முதல் 7 விழுக்காடு வரை மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட திட்ட அறிக்கையே மதிப்பிட்டது. இருபதுக்கென்றே சீரமைக்கப்பட்ட புதிய கார்களில் இழப்பு 1 முதல் 2 விழுக்காடு மட்டுமே.

எத்தனால் என்றதும் மார்க்கத் தீர்ப்பு என்னவென்று கேட்க விரும்புவோர் உலமாப் பெருமக்களை அணுகுக. நாம் இங்கே பேசுவது கணக்கை மட்டுமே.

வழக்கொழிய வேண்டிய வழக்கங்கள்

அம்பாசிடரும் பழைய மாருதி 800உம் ஓடிய கார்புரேட்டர் காலத்து அறிவுரைகள் சில இன்றும் உலவுகின்றன. இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டு உருளவிடுவது அவற்றுள் முதன்மையானது. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போதும், உதகையிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போதும் சிலர் இப்படிச் செய்கிறார்கள். இக்கால இன்ஜெக்ஷன் கார்களில் கியர் விழுந்திருக்க, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் வரத்து தானே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டாலோ என்ஜின் அணையாமல் இருப்பதற்காகப் பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கும். அத்துடன் என்ஜினின் பிடிமானம் போய்விடுவதால் பிரேக் மட்டுமே துணை. அதுவும் சூடேறிச் செயலிழந்தால் உயிருக்கே ஆபத்து. மிச்சம் பிடிப்பதாக எண்ணிப் பெட்ரோலையும் இழந்து உயிரையும் பணயம் வைப்பது அறிவுடைமை ஆகாது.

மலையேற்றத்தின் செலவையும் சொல்லிவிடுகிறோம். மேட்டுப்பாளையத்திலிருந்து 2,240 மீட்டர் உயரமுள்ள உதகைக்கு ஒரு குடும்பத்தோடு காரை ஏற்றுவதற்கு, தூரச் செலவு போக, உயரத்துக்கு மட்டுமே இரண்டு லிட்டருக்கு மேல் வேண்டும். உதகை சென்று வந்த மாதத்தில் மைலேஜ் குறைந்தது என்று ஓட்டுநரை முறைத்துப் பார்க்க வேண்டா.

ஏர் ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் விழும் என்பதும் பழைய கணக்கு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009இல் நடத்திய ஆய்வில், இன்ஜெக்ஷன் கார்களில் அழுக்கு ஃபில்டர் இழுவையைக் குறைத்ததே தவிர, மைலேஜைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை என்று தெரியவந்தது. ஃபில்டரை மாற்றுவது என்ஜினின் நலத்துக்கு நல்லது. அதனால் மைலேஜ் கூடும் என்று எதிர்பார்க்க வேண்டியதில்லை.

அளப்பது எப்படி?

டேஷ்போர்டில் தெரியும் எண்ணை மட்டும் நம்ப வேண்டா. பெட்ரோல் டாங்கை, பங்கில் தானாக நிற்கும் வரை நிரப்பிக் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். இயல்பாக ஓட்டிய பின், முடிந்தால் அதே பங்கில், அதே பம்ப்பில், அதே போலத் தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை நிரப்பிய லிட்டரால் வகுத்தால் உண்மை மைலேஜ் கிடைக்கும். 412 கிலோமீட்டர் ஓடி 25.75 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 16. ஒரு முறை அளந்து முடிவு கட்டாமல் மூன்று, நான்கு முறை அளக்க வேண்டும்.

சராசரி காண்பதிலும் கவனம் தேவை. 100 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 20, இன்னொரு 100 கிலோமீட்டர் ஊருக்குள் லிட்டருக்கு 10 என்றால் சராசரி 15 என்று பலரும் சொல்வார்கள். செலவான பெட்ரோல் 5ம் 10ம் சேர்ந்து 15 லிட்டர். ஓடியது 200 கிலோமீட்டர். ஆக, உண்மைச் சராசரி 13.3 மட்டுமே. மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுப்பதே நேர்மையான கணக்கு.

பங்கின் அளவில் ஐயம் எழுந்தால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவைக் குவளையில் ஊற்றிக் காட்டச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. 5 லிட்டருக்கு 25 மில்லி வரையே ஏற்றத்தாழ்வு அனுமதிக்கப்படுகிறது. அதற்கு மேல் குறைந்தால் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் கீழ் உள்ள அளவைப் பிரிவில் முறையிடலாம்.

சகோதரியின் கேள்விக்கு விடை

இனி 22 எப்படி 15 ஆனது என்று உதாரணமாக ஒரு கணக்குப் போடுவோம். பழைய காரில் புதிய பெட்ரோலால் 6 விழுக்காடு குறைந்தால் 22 என்பது 20.7 ஆகிறது. ஆண்டு முழுவதும் குளிர்சாதனத்துக்குப் பத்து விழுக்காடு என்றால் 18.6. பள்ளிக்கூடக் குறும்பயணத்துக்கும் நெரிசலுக்கும் பதினைந்து விழுக்காடு என்றால் 15.8. சுமைக்கும் டயர் காற்றுக்கும் ஐந்து விழுக்காடு என்றால் 15. யாரும் ஒரு சொட்டுக்கூட எடுக்காமலே நீங்கள் சொன்ன எண் வந்துவிட்டது.

ஓட்டுநர் நிரபராதி என்று இதைக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. குற்றவாளி என்று சொல்வதற்கும் இடமில்லை. மைலேஜ் குறைவு மட்டுமே திருட்டுக்குச் சான்றாகாது என்பதே இங்கு நிலைநாட்டப்படுகிறது. சந்தேகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்துக்கொள்ளுமாறு சூரத்துல் ஹுஜுராத் நம்மை எச்சரிக்கிறது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு சூரத்துல் பகரா கற்பிக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்துக் கடைப்பிடியுங்கள். ஒரு நோட்டு வாங்கி, தேதி, கிலோமீட்டர், லிட்டர், சென்ற ஊர் ஆகிய நான்கையும் எழுதச் சொல்லுங்கள். "உங்கள் மேல் குறை சொல்வதற்காக இல்லை, வண்டியின் நிலையை அறிவதற்காக" என்று மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள். மூன்று மாதம் எழுதியபின் எண்கள் 14க்கும் 16க்கும் இடையே சீராக நின்றால், அது வண்டியின் இயல்பு. பயணங்களில் மாற்றமேதும் இல்லாதபோது ஒரு வாரம் 15, மறுவாரம் 10 என்று தாறுமாறாக விழுந்தால் அப்போது விசாரிக்கலாம். முதலில் மெக்கானிக்கிடம், பிறகே மனிதரிடம். பெட்ரோல் குழாயில் கசிவோ, பிடித்துக்கொண்ட பிரேக்கோ அதற்குக் காரணமாக இருக்கக்கூடும்.

உறவினர்கள் கூடிப் பேசும்போது இல்லாதவர் மீது சுமத்தும் பழி, புறமா அவதூறா என்பது பிறகு தெரியும். இரண்டில் எதுவானாலும் பாவமே. இத்தனை ஆண்டு நம் பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தவரைக் கணக்குப் பார்க்காமல் வெளியே அனுப்பினால், அந்தப் பழி அவர் அடுத்து வேலை கேட்கும் வாசல் வரை அவரைப் பின்தொடரும்.

மிச்சப்படும் தொகை

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் காரின் மைலேஜை 15இலிருந்து 18 ஆக உயர்த்தினால் 11 லிட்டர் மிச்சம். கணக்கின் எளிமைக்காக லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் மாதம் 1,100 ரூபாய். ஆண்டுக்கு 13,000க்கு மேல். ஓர் ஏழை மாணவியின் புத்தகச் செலவையோ, ஒரு முதியவரின் மருந்துச் செலவையோ அந்தத் தொகை தாங்கிவிடும். அதற்குப் புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. டயருக்குக் காற்று, காலுக்கு நிதானம், அருகில் உள்ள இடத்துக்கு நடை, இம்மூன்றும் போதும்.

ஓடும் ஆற்றின் கரையில் இருந்து உளூச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததாக ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். வற்றாத ஆற்று நீருக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால், பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளில் உருவாகி, ஒருமுறை எரித்தால் மீளாத எண்ணெய்க்கு எத்தகைய கட்டுப்பாடு வேண்டும்? கையில் பணம் இருக்கிறது என்பதனால் வீண்விரயம் ஹலாலாகிவிடாது.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் வீட்டு மின்கட்டணத்தின் கணக்கைப் பார்ப்போம். அதுவரை ஒவ்வொரு வீட்டுக் காரிலும் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். வஸ்ஸலாம்.